கேட்ட குரலும் விளங்காத பொருளும்

வெள்ளவத்தையிலே, காலி வீதியோரமாக மாலை வேளையில் நடந்து செல்வோர், பொலிசார் தம் தோளிலே மாட்டியிருக்கும் சிறு கருவியை வாயருகே கொண்டுசென்று பேசுவதைக் கண்டிருப்பர். கரகரவென்று ஓர் ஓசை எழும். இரண்டொரு சொற்கள் காதில் விழும். பின்னர் எல்லாம் அடங்கிவிடும். பேசியது யாரோடு, பேசிய பொருள் யாது என்பது அயலில் நின்றோர்க்கு விளங்காது. ஆயினும் அக்கருவியிலிருந்து புறப்பட்ட அலையோ, அயலில் நின்றோரைக் கடந்து, வீட்டுச் சுவர்களைக் கடந்து, புகையிரதப் பாதைக்கு அப்பாலுள்ள கடலையும் நோக்கிச் சென்றுவிடுகின்றது.

அவ்வாறாயின், அந்த அலையை வேறொரு கருவியினாற் பிடித்துப் பேச்சை ஒட்டுக்கேட்க இயலாதா? பேச்சை இரகசியக் குறியாக மாற்றி அனுப்பினாலும் கேட்டுவிடலாமா? இக்காலத்திலே பலர் கேட்கும் கேள்வி இது. இதற்குரிய விடையைப் பொறியியல் நூல்கள் கூறும். ஆனால் அதனை உயிரோடும் உணர்ச்சியோடும் எடுத்துக்காட்டுவது கொழும்பு நகரின் சரித்திரமாகும். வெள்ளவத்தைக்கு அயலிலேயே, ஒரு காலத்தில், ஆயிரக்கணக்கான மைல் தூரத்துப் பேச்சை இரவு பகலாக ஒட்டுக்கேட்ட நிலையம் ஒன்று இருந்தது.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒலியைக் கேட்பது வேறு. பொருளை அறிவது வேறு. தமிழிலக்கணம் இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தது. நன்னூலார் தகுதி வழக்கின் வகைகளுள் ஒன்றாகக் குழூஉக்குறியை வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்றும் வழங்குவதை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். பட்டறைக்கு வந்து நிற்பவன் சொல்லைக் கேட்கிறான், பொருளை அறியான். பேசுவோரின் வாயை அடைக்காமலே, கேட்போரின் காதை மூடாமலே, பொருள் மறைக்கப்பட்டு விடுகின்றது. இன்றைய இரகசிய வானொலியும் இதனையே செய்கின்றது. வேறுபாடு யாதெனில், பொற்கொல்லர் ஒரு சொல்லை மாற்றினர். இன்றைய கருவி ஒவ்வோர் ஒலித்துணுக்கையும் எண்ணாக்கி மாற்றுகின்றது.

இலங்கையின் வானொலி வரலாறே இரகசியத்துக்கும் வெளிப்படைக்கும் இடையிலுள்ள உறவிலே பிறந்தது எனலாம். 1924 ஆம் ஆண்டிலே, தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பகுதிகளைக் கொண்டு ஒலிபரப்புப் பரிசோதனை நடத்தினார். 1925 டிசெம்பர் 16 ஆந் திகதி கொழும்பிலே ஒலிபரப்புச் சேவை முறைப்படி ஆரம்பமாயிற்று. கடலுக்கடியிலே மறைந்திருந்து தன்னவர்க்கு மாத்திரம் செய்தி சொல்லப் பயன்பட்ட பொருள், எல்லோரும் கேட்கும் பாட்டையும் பேச்சையும் பரப்பும் கருவியாயிற்று. அலை ஒன்றே; அதனைப் பயன்படுத்தும் நோக்கமே வேறு.

பதினாறு ஆண்டுகள் கழிந்து, கொழும்பின் வானத்திலே வேறு வகையான அலைகளைத் தேட வேண்டிய காலம் வந்தது. யப்பானியக் கடற்படையின் செய்திகளை ஒட்டுக்கேட்பதற்காகப் பிரித்தானியர் 1935 இல் ஹொங்கொங்கிலே ஓர் இரகசியப் பணியகத்தை அமைத்திருந்தனர். அது 1939 இல் சிங்கப்பூருக்கு மாறியது. யப்பானியப் படை மலாயாவிலே இறங்கிச் சிங்கப்பூரை நெருங்கியபோது, 1942 ஜனவரியிலே அப்பணியகத்தின் பெரும்பகுதி கப்பலேறிக் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. பெம்புரோக் என்னும் பெயர் கொண்ட பள்ளிக்கூடம் ஒன்று அதற்கு இருப்பிடமாயிற்று. மாணவர் எழுத்துப் பயின்ற மண்டபங்களிலே, பகைவரின் எழுத்தைப் படிக்கும் தொழில் தொடங்கியது.

அத்தொழில் இரு கூறானது. முதற் கூறு கேட்டல். யப்பானியர் தம் ‘கானா’ எழுத்துகளுக்கென ஏற்படுத்திய மோர்ஸ் குறிகள் ஆங்கில மோர்ஸ் குறிகளினும் ஏறக்குறைய இருமடங்கு தொகையின. காதிலே செவிக்கருவியை மாட்டிக்கொண்டு, இரைச்சலுக்கும் இடியோசைக்கும் நடுவே அக்குறிகளைப் பிழையின்றி எழுதியெடுப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டியிருந்தது. இரண்டாங் கூறு விளங்குதல். இதுவே பெருஞ் சுமை.

யப்பானியக் கடற்படையின் முக்கிய இரகசிய முறையை நேச நாட்டார் ‘ஜே. என். 25’ என்றழைத்தனர். 1939 ஜூன் மாதத்திலே அது வழக்குக்கு வந்தது. ஒரு பெரிய குறிப்புத்தகத்திலே ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்கங் கொண்ட ஓர் எண் இருக்கும். அவ்வெண்ணை அப்படியே அனுப்புவதில்லை. வேறொரு புத்தகத்திலுள்ள எண்ணொன்றை அதனோடு கூட்டியே அனுப்புவர். கூட்டும்போது மேலிடத்துக்கு எதனையும் கொண்டு செல்வதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு சொல்லுக்குரிய எண் 51234 எனவும், கூட்டும் எண் 27689 எனவும் கொண்டால், வானிலே செல்வது 78813 ஆகும். அதே சொல் மறுமுறை வரும்போது கூட்டும் எண் வேறாகையால் வேறோர் எண்ணாகத் தோன்றும். கேட்பவன் எத்துணை கூர்மையான காதுடையவனாயினும் எண்களின் ஊர்வலத்தையே காண்பான்.

இத்தகைய கோட்டைக்குள் எவ்வாறு நுழைந்தனர்? யப்பானியர் ஓர் எச்சரிக்கை செய்திருந்தனர். மூல எண்கள் யாவும் 3 ஆல் வகுபடுவனவாக அமைத்தனர். செய்தியைப் பெறுபவர், கூட்டிய எண்ணைக் கழித்த பின்னர் வரும் எண் 3 ஆல் வகுபடாவிடின், பிழை நேர்ந்ததென அறிந்துகொள்வர். தம்மவர்க்குத் துணையாக வைத்த அந்த அடையாளமே பகைவர்க்கும் துணையாயிற்று. ஊகித்த விடை சரியோ பிழையோ என்று சோதித்தறிய உரைகல் ஒன்று அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கிலே ஜோன் டில்ற்மன் என்பார் 1939 இலேயே இம்முறையின் அமைப்பைக் கண்டறிந்தார். அதன் பின்னர் எண்ணெண்ணாகச் சொற்பொருள் மீட்கும் நெடும்பணி பல நிலையங்களிலே நடைபெற்றது.

1942 மார்ச் மாத இறுதியிலே கொழும்பிலிருந்தோர் ஒரு செய்தியின் பகுதிகளை வாசித்தனர். யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் ஏப்ரல் முதலாந் திகதியளவில் ஓர் இடத்தைத் தாக்கப் போகின்றன. அவ்விடத்தின் பெயர் இரண்டு எழுத்துக் குறியாக மாத்திரமே இருந்தது. எவ்விடம் அது? இந்தியாவோ, இலங்கையோ, வேறு தீவோ? குறிப்புத்தகத்தை உடைத்தும் அவ்விரண்டு எழுத்தின் பொருள் வெளிப்படவில்லை. அப்பொழுது யப்பானியரே அதனை வெளிப்படுத்தினர். அடுத்து வந்த செய்தியொன்றிலே, அவ்விடத்தின் பெயரை ஒவ்வோர் அசையாகக் கானா எழுத்திலே எழுதிவிட்டனர்: கொ, ரொ, ன், போ. கொழும்பிலே இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள், தாங்கள் இருக்கும் நகரத்தின் பெயரையே எதிரியின் வாயிலாகக் கேட்டனர்.

செய்தியின் பயன் யாது? கீழைக் கடற்படையின் தளபதி சொமர்வில் தம் கப்பல்களை மார்ச் 31 ஆந் திகதியளவிலே இலங்கைக்குத் தெற்கே திரட்டிக் காத்திருந்தார். ஏப்ரல் 1 கழிந்தது, 2 கழிந்தது, எதிரி வரவில்லை. செய்தி பிழையோ என்ற ஐயம் எழுந்தது. கப்பல்கள் எண்ணெயும் நீரும் பெற மாலைதீவின் தென்கோடியிலுள்ள அட்டு என்னும் தீவுத்தொகுதிக்குத் திரும்பின. உண்மையோ வேறாயிருந்தது. நகுமோவின் படை செலிபீஸ் தீவிலிருந்து புறப்படுவதற்குத் தாமதமானமையால், தாக்கும் நாள் பின்தள்ளப்பட்டிருந்தது. ஏப்ரல் 4 ஆந் திகதி மாலையிலே கனடா நாட்டு விமானி லெனாட் பேர்ச்சோல், தம் கற்றலினா விமானத்திலிருந்து எதிரிக் கப்பல்களைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் வானொலி மூலம் எச்சரிக்கை அனுப்பினார்.

மறுநாள் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலையிலே கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. வெள்ளவத்தைக்குத் தெற்கே இரத்மலானை விமானத் தளத்திலிருந்த விமானிகள், எதிரி தலைக்குமேல் வந்த பின்னரே மேலெழ நேர்ந்தது. துறைமுகத்திலே தெனெடொஸ், ஹெக்டர் என்னும் கப்பல்கள் அழிந்தன. அன்று பிற்பகல் நடுக்கடலிலே டோர்செற்சயர், கோண்வால் என்னும் இரு போர்க்கப்பல்கள் மூழ்கின. 424 பேர் மாண்டனர். ஏப்ரல் 9 இல் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக் கடலிலே ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அமிழ்ந்தது. ஒட்டுக்கேட்ட செய்தி இடத்தைச் சரியாகச் சொல்லிற்று. நாளைச் சொல்ல இயலவில்லை. ஆயினும் அச்செய்தியின் பயனாகவே துறைமுகத்திலிருந்த கப்பல்களுட் பல முன்கூட்டியே வெளியேற்றப்பட்டன. இல்லையேல் இழப்பு இன்னும் பெருகியிருக்கும்.

கொழும்பும் வீழ்ந்துவிடுமோ என்று அஞ்சிய கடற்படையினர், ஒட்டுக்கேட்போரை ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள மொம்பாசாவுக்கு அனுப்பினர். ஆங்கே கிலிந்தினி என்னுமிடத்திலே பணி தொடர்ந்தது. தூரம் மிகுந்தமையால் ஓசை மெலிந்தது. எனினும் 1942 நவம்பரிலே அங்கே ஒரு வெற்றி கிட்டிற்று. யப்பானிய வணிகக் கப்பல்களின் செய்தியை அனுப்பிய ஒருவர், ஒரு கப்பலின் இருப்பிடத்தைக் குறிக்க மறந்துவிட்டார். தவறு தெரிந்ததும் அதே செய்தியை, அதே திறவுகோலைக் கொண்டு, விடுபட்டதைச் சேர்த்து மீண்டும் அனுப்பினார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த இரகசிய முறை திறந்துகொண்டது.

1943 செப்டெம்பரிலே பணியகம் கொழும்புக்கு மீண்டது. இம்முறை அன்டர்சன் கோல்ப் மைதானத்திலே புதிய நிலையம் எழுந்தது. கப்பலே இல்லாத அவ்விடத்துக்குக் கடற்படை வழக்கப்படி ‘எச். எம். எஸ். அன்டர்சன்’ என்று கப்பற் பெயர் சூட்டினர். கடற்படை மகளிர் அணியினரும் அங்கே காவல்முறை வைத்துக் கேட்டனர். யுத்தம் முடிந்து, 1948 இல் இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரும் சில காலம் அந்நிலையம் பிரித்தானியரின் செவியாகவே இயங்கியது. அன்டர்சன் என்னும் பெயர் கொழும்பு 5 இலே தொடர்மாடி வீடுகளின் பெயராய் வழங்கி வருகின்றது.

இச்சரித்திரத்திலிருந்து பொலிஸ் வானொலிக்கு வருவோம். அமெரிக்காவின் டிட்ரொயிட் நகரப் பொலிசார் 1928 இலே மோட்டார் வண்டிகளுக்கு வானொலி மூலம் கட்டளை அனுப்பத் தொடங்கினர். அப்பொழுது வண்டியிலிருந்தோர் கேட்கலாம், மறுமொழி கூறவியலாது. 1933 இலே நியூ ஜேர்சி மாநிலத்துப் பயோன் நகரிலே இருபுறமும் பேசும் முறை வந்தது. அக்காலத்து அமெரிக்க வீட்டு வானொலிப் பெட்டிகள் பலவற்றின் முகப்பிலே ‘பொலிஸ்’ என்றே ஓர் அலைவரிசை குறிக்கப்பட்டிருந்தது. திருடனைத் தேடும் பொலிசாரின் பேச்சைக் குடும்பத்தோடு இருந்து கேட்பது பொழுதுபோக்காயிற்று. திருடனும் கேட்டிருப்பான் என்பது சொல்லாமலே விளங்கும்.

பின்னர் ஸ்கேனர் என்னும் கருவி வந்தது. அது ஓர் அலைவரிசையிலே நில்லாமல், பல அலைவரிசைகளை மாறிமாறித் தொட்டு, பேச்சு எழும் இடத்திலே நின்றுவிடும். பேச்சு மறைக்கப்படாத பழைய முறையிலே செல்லுமாயின், ஸ்கேனர் வைத்திருப்பவர் அதனை அப்படியே கேட்பார். ஒலியின் தாழ்ந்த சுரத்தை உயர்ந்ததாகவும் உயர்ந்ததைத் தாழ்ந்ததாகவும் புரட்டியனுப்பும் எளிய தந்திரங்களும் இருந்தன. அவற்றைத் திரும்பப் புரட்டுவது கடினமன்று.

இன்றைய நிலை வேறு. புதிய கருவிகள் குரலை எண்களாக்குகின்றன. அவ்வெண்களை ஓர் இரகசியத் திறவுகோலோடு கலந்து அனுப்புகின்றன. 2001 இல் அமெரிக்க அரசாங்கம் தரமாக ஏற்றுக்கொண்ட முறையிலே, திறவுகோல் 256 இருமை இலக்கங்கள் வரை நீண்டதாயிருக்கலாம். அவ்வாறு அமையக்கூடிய திறவுகோல்களின் தொகையை எழுதினால் 78 இலக்கங் கொண்ட எண் வரும். ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க எக்கணினிக்கும் ஆயுள் போதாது. ஸ்கேனர் அந்த அலையைப் பிடிக்கும். ஆனால் காதிலே விழுவது மழை பெய்வது போன்ற இரைச்சலே. ஆகவே கேள்விக்கு நேரான விடை இது: முறையாகக் குறியாக்கப்பட்ட பொலிஸ் வானொலியை ஸ்கேனரினாற் பிடிக்கலாம், பொருளறிய இயலாது.

‘முறையாக’ என்ற சொல்லிலேதான் எல்லாம் தங்கியிருக்கின்றது. 2011 இலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், அமெரிக்க நகரங்கள் சிலவற்றிலே மத்திய அரசாங்க அதிகாரிகளின் வானொலியைக் கவனித்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். குறியாக்கத்தை எவரும் உடைக்கவில்லை. ஆனால் கருவியிலுள்ள ஆளி தவறான பக்கத்திலே இருந்தமையாலும், திறவுகோல் எல்லோர்க்கும் ஒழுங்காய்க் கிடையாமையாலும், இரகசியமென்று எண்ணிப் பேசிய பேச்சு நாள்தோறும் ஏறத்தாழ 20 நிமிடம் அளவிலே ஒரு நகரில் வெளிப்படையாகச் சென்றுகொண்டிருந்தது. பேசியவர்க்கு அது தெரியாது. ‘கொ ரொ ன் போ’ என்று எழுதியனுப்பிய யப்பானிய அதிகாரியின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

வேறொரு குறையும் வெளிப்பட்டது. உலகின் பல நாடுகளிலே பொலிசாரும் துறைமுகத்தாரும் பயன்படுத்தும் ‘டெட்ரா’ என்னும் வானொலி முறை 1990 களிலே ஐரோப்பாவில் வகுக்கப்பட்டது. அதன் குறியாக்க முறைகள் இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தன. 2023 இலே நெதர்லாந்து ஆய்வாளர் சிலர் அவற்றுள் ஒன்றை ஆராய்ந்தபோது, 80 இருமை இலக்கங் கொண்டதாய்த் தோன்றிய திறவுகோல் உள்ளே 32 ஆகச் சுருக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். 32 இலக்கத் திறவுகோல்களின் தொகை 430 கோடிக்குச் சற்றுக் குறைவு. மனிதனுக்கு அது பெருந்தொகை. இன்றைய சாதாரணக் கணினிக்கு ஒரு நிமிட வேலை. வலிமையான பூட்டென்று விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு அது வலிமை குறைக்கப்பட்ட பூட்டென்று எவரும் சொல்லவில்லை. கட்டியவர்களைத் தவிர வேறெவரும் சோதிக்காத மதில் எத்தன்மைத்து என்பதை இது காட்டுகின்றது.

மறையாத வேறொன்றும் உண்டு. பொருள் விளங்காவிடினும், பேச்சு நடைபெறுகின்றது என்பதை அலை காட்டிக்கொடுத்துவிடும். யுத்த காலத்திலே, வாசிக்க முடியாத செய்திகளிலிருந்தும் ஒட்டுக்கேட்போர் பயன்பெற்றனர். எத்திசையிலிருந்து வருகின்றது, எத்தனை தரம் வருகின்றது, வழக்கமாய்ப் பேசும் நிலையம் திடீரென ஏன் மௌனமாயிற்று என்பவற்றைக் கொண்டே கப்பல்களின் நடமாட்டத்தைக் கணித்தனர். மௌனமும் ஒரு செய்தியே.

இனி, பொலிசார் தம் பேச்சை மறைப்பது தகுமா? தேடப்படும் குற்றவாளி கேட்டுவிடாதபடியும், முறைப்பாடு செய்தவரின் பெயரும் விலாசமும் தெருவிலே ஒலிக்காதபடியும் காப்பது தகும். திருவள்ளுவரும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். இலங்கையிலே 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் பிறர் செய்தியை இடைமறிப்பதைக் குற்றமாக்கியுள்ளது. ஆதலால் ஸ்கேனர் வாங்கி ஒட்டுக்கேட்க விழைவது சட்டத்துக்கும் பொருந்தாது.

ஆயினும் மறைப்பினால் வரும் அச்சமும் உண்மையானதே. 2023 இலே நியூயோர்க் நகரப் பொலிசார் தம் வானொலியைக் குறியாக்கத் தொடங்கியபோது பத்திரிகையாளர் எதிர்த்தனர். பல ஆண்டுகளாகக் காதினாற் கேட்டுக் கண்காணித்தது நின்றுவிடுமென்றனர். வெள்ளவத்தை மக்களுக்கு இவ்வச்சம் புதிதன்று. 1983 ஜூலை 25 ஆந் திகதி, வீடுகள் எரிந்துகொண்டிருக்க, வானொலியிலே ஊரடங்கு அறிவித்தலைக் கேட்டவர்கள், காவலர் வருவாரா மாட்டாரா என்பதை அறிய வழியின்றி நின்றனர். 2007 ஜூன் 7 ஆந் திகதி அதிகாலையிலே, வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பொலிசாரால் பஸ் வண்டிகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். கதவு தட்டப்பட்டபோதே அவர்களுக்குக் கட்டளை தெரிந்தது.

அவர்களுக்கு ஸ்கேனர் இருந்திருந்தாற் பயன் விளைந்திருக்குமா? சில நிமிட முன்னறிவு கிடைத்திருக்கலாம்; நீதி கிடைத்திராது. 1942 இலே எதிரியின் இரகசியத்தையே வாசித்தவர்களும் குண்டு விழுவதைத் தடுக்க இயலவில்லையன்றோ? 2007 இலே வெளியேற்றத்தை நிறுத்தியது ஒட்டுக்கேட்ட காதன்று. அடிப்படை உரிமை மனுவை ஏற்ற உயர் நீதிமன்றம், மறுநாளே, ஜூன் 8 ஆந் திகதி, தடைக் கட்டளை பிறப்பித்தது. அதன் பின்னர் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்திருக்கின்றது.

செயல் நிகழும் வேளையிலே பொலிசாரின் பேச்சு மறைந்திருக்கலாம். செயல் நிகழ்ந்த பின்னர் அதற்குரிய கணக்கு மறைந்திருத்தலாகாது. கட்டளையிட்டவர் யார், எந்நேரத்திலே, எச்சட்டத்தின்கீழ் என்பவை பதிவேட்டில் இருத்தல் வேண்டும். கேட்கும் குடிமகனுக்கு அவை காட்டப்படவும் வேண்டும். அவ்வாறு காட்டப்படும் நாட்டிலே, காலி வீதியோரத்துக் கருவியின் கரகரப்பு விளங்காவிடினும், அயலிலே நிற்பவர் அச்சமின்றித் தம் வழியே நடந்து செல்வார்.